திருந்தியவனுக்கு ஓர் ஊர் வேண்டும்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பின், ஹவ்ளங்கரையில் ஒரு பெரியவர் எனக்காகக் காத்து நின்றார். ஸலாம் உரைத்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசாது நின்றவர், பிறகு மெல்லச் சொன்னார்: "ஹஜ்ரத், மகன் ஜெயிலிலிருந்து வரப்போகிறான். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஊசி, மாத்திரை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டான். முகத்தில் தெளிவு வந்திருக்கிறது. தொழவும் செய்கிறானாம். இனிப் பயமில்லை அல்லவா?"

அவர் என்னிடம் எதிர்பார்த்தது ஒரேயொரு சொல். இன்ஷா அல்லாஹ், பயமில்லை என்று நானும் சொல்லிவிட்டேன். வீடு திரும்பும் வழியில்தான், அறியாத ஒன்றை அறிந்தவன்போல் கூறிவிட்டோமே என்ற உறுத்தல் என்னைப் பற்றிக்கொண்டது. அதன் பின்னர் இவ்விஷயம் குறித்துக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படிக்கலானேன். படித்தவற்றில் பெரும்பகுதி அமெரிக்க நாட்டுச் சிறைகளைப் பற்றியது. போதைக்கு அடிமைப்பட்ட கைதிகளைத் திருத்துவதற்கு ஒரு முறையை அரை நூற்றாண்டுக் காலமாகச் செய்துபார்த்து, அதன் பலனைக் கணக்கிட்டும் வைத்திருக்கிறார்கள் அந்நாட்டார். வாசக அன்பர்களே, அந்தக் கணக்கை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அதற்கு முன்னர், நீங்கள் நன்கறிந்த ஒரு வரலாற்றை நினைவூட்ட அனுமதியுங்கள்.

தொண்ணூற்றொன்பது கொலைகளைச் செய்த மனிதரின் செய்தியைப் பள்ளிவாசல்களில் பலமுறை கேட்டிருப்பீர்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் கிரந்தங்களிலும் அது பதிவாகியுள்ளது. தமக்குத் தவ்பா உண்டா எனக் கேட்கப் போன அம்மனிதர், இல்லையென்று கைவிரித்த துறவியையும் வெட்டி வீழ்த்தி நூறைப் பூர்த்தி செய்தார். பின்னர் ஓர் ஆலிமிடம் சென்றார். தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது என்றார் ஆலிம். நம் பிரசங்கிகள், அவர்களுள் நானும் ஒருவன்தான், இவ்விடத்தில் இறைவனின் கருணைக்கு எல்லையில்லை என்று கூறி முடித்துக்கொள்வது வழக்கம். ஆனால் அந்த ஆலிம் அத்துடன் முடித்துக்கொள்ளவில்லை. வாசல் திறந்திருக்கிறது என்று சொன்ன கையோடு ஒரு பிரயாணத்தையும் அவர் விதித்தார். இறைவனை வணங்கும் மக்கள் வாழும் இன்ன ஊருக்குச் சென்று அவர்களோடு சேர்ந்து வாழ வேண்டும், தீமை மலிந்த சொந்த ஊருக்குத் திரும்பவே கூடாது என்பது அவருடைய கட்டளை. அம்மனிதரின் தவ்பா உண்மையானதுதான். ஆயினும் அவர் பழைய தெருவுக்கே திரும்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அந்த ஆலிம் அறிந்திருந்தார். அமெரிக்கர்கள் தங்கள் சிறைகளில் மிகுந்த செலவில் கற்றுக்கொண்ட பாடமும் இதுவே.

1935ஆம் ஆண்டு கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகருக்கு அருகில் அமெரிக்க அரசாங்கம் ஒரு பெரும் நிலையத்தைத் திறந்தது. பாதி சிறை, பாதி ஆஸ்பத்திரி. போதைப் பழக்கமுள்ள கைதிகளும், தாமாக வந்து சேர்ந்தவர்களும் அங்கே தங்க வைக்கப்பட்டனர். விசாலமான நிலம், கறவை மாடுகள், நல்ல காற்று, தேர்ந்த மருத்துவர்கள் என எதிலும் குறைவில்லை. உடலிலிருந்து விஷம் இறங்கியது. முகத்தில் தெளிவும் வந்தது. அப்படி வெளியேறி நியூயார்க் நகருக்குத் திரும்பியவர்களைத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது, மிகப் பெரும்பாலோர் மறுபடியும் ஊசியைக் கையில் எடுத்திருந்தனர். பலர் சில மாதங்களுக்குள்ளாகவே. ஹவ்ளங்கரையில் நின்ற பெரியவர் மகன் முகத்தில் கண்ட தெளிவை எண்ணியபோது, இந்தச் செய்தி என் நெஞ்சைக் குடைந்தது.

உடல் சுத்தமானால் மட்டும் போதாது என்பது தெளிவாயிற்று. அப்படியானால் வேறென்ன வேண்டும்? 1958ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் சார்ல்ஸ் டெடரிச் என்பவர், தாமே முன்பு குடிக்கு அடிமையாயிருந்தவர், சினனான் என்னும் பெயரில் ஒரு கூட்டுக் குடியிருப்பைத் தொடங்கினார். அங்கே மருத்துவர் என்று ஒருவர் இல்லை. நேற்று விட்டவன் இன்று விட முயல்பவனைப் பார்த்துக்கொள்வான், அவ்வளவுதான் ஏற்பாடு. இதன் வழியாகவே நியூயார்க்கில் 1963இல் டேடாப் வில்லேஜ், 1967இல் ஃபீனிக்ஸ் ஹவுஸ் ஆகியவை தோன்றின. இத்தகைய குடியிருப்புகளுக்குத் ‘தெரபியூட்டிக் கம்யூனிட்டி’ என்று பெயர். சிகிச்சைச் சமூகம் என்று நாம் சொல்லலாம். இங்கே சிகிச்சை செய்வது மருந்தல்ல, சமூகமே. அதனால் பெயரும் பொருத்தமானதே.

அங்கே ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். குறித்த நேரத்தில் எல்லோரும் எழுந்துவிடுவர். படுக்கையைச் சீராக்குவதிலிருந்து ஒழுங்கு தொடங்கும். காலையில் அனைவரும் ஒன்றாகக் கூடுவர். புதிதாக வந்தவனுக்குக் கழிப்பறை கழுவுவது போன்ற மிகத் தாழ்ந்த வேலையே கிடைக்கும். அதை ஒழுங்காகச் செய்தால் சமையலறை, பின்னர் ஒரு குழுவுக்குப் பொறுப்பு, அதன் பின்னர் புதியவர்களுக்கு வழிகாட்டும் தகுதி என்று அவன் படிப்படியாக உயர்வான். பொய் சொன்னால், கடமையில் தவறினால், கீழ்ப்படிக்கு இறங்குவான். குறித்த நாட்களில் வட்டமாக அமர்ந்து ஒருவர் குறையை மற்றவர் முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்வார்கள். போதைக்காரன் எந்த மருத்துவரையும் ஏமாற்றிவிடுவான். தன்னைப் போன்ற மற்றொரு போதைக்காரனை அவனால் ஏமாற்ற இயலாது. தாயின் நகையைத் திருடி விற்றவனுக்கு அப்போது என்னென்ன சாக்குகள் தோன்றின என்பது, அதே திருட்டைச் செய்த இன்னொருவனுக்குத் தெரியாதா என்ன? இவை யாவும் ஒரு வாரம், இரண்டு வாரம் அல்ல. பல மாதங்கள் நடக்கும்.

இதைச் சிறைக்குள் கொண்டு செல்வது எளிதான காரியமன்று. சிறைக்கென்று ஒரு தனிச் சட்டம் உண்டு. யாரையும் காட்டிக் கொடுக்காதே, யாரையும் நம்பாதே, கண்ணீரை வெளியில் காட்டாதே என்பது கைதிகளின் எழுதப்படாத ஷரத்து. சிகிச்சைச் சமூகமோ இதற்கு நேர் எதிரானதைக் கேட்கிறது. ஆகவே 1977ஆம் ஆண்டு நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலிருந்த ஆர்தர் கில் சிறையில் ‘ஸ்டேயின் அவுட்’ என்ற திட்டம் தொடங்கப்பட்டபோது, அதில் சேர்ந்த கைதிகளை மற்றவர்களிடமிருந்து பிரித்துத் தனிப் பகுதியில் குடியமர்த்தினர். நடத்தியவர்களுள் பலர் முன்பு போதையிலும் சிறையிலும் உழன்று மீண்டவர்கள். பெயரும் ஆழ்ந்த பொருளுடையது: வெளியேயே இருந்துவிடு, மறுபடி உள்ளே வராதே என்பது கருத்து.

இத்திட்டத்தின் பலனை ஆராய்ந்த ஹாரி வெக்ஸ்லரும் அவருடைய சகாக்களும் 1990இல் கணக்கை வெளியிட்டனர். எந்தச் சிகிச்சையும் பெறாத ஆண் கைதிகளில் 40.9 சதவீதத்தினர் விடுதலைக்குப் பின் மீண்டும் கைதாகியிருந்தனர். சிகிச்சைச் சமூகத்தில் இருந்தவர்களில் இத்தொகை 26.9 சதவீதம். இன்னொரு விஷயத்தையும் அவர்கள் கண்டனர். நாள் செல்லச் செல்லப் பலன் கூடுகிறது. ஒன்பது மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை இருந்தவர்களே மிகுந்த நன்மை அடைந்தனர். மூன்று மாதத்தில் மனிதனை மாற்றித் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களை நம்பிப் பணம் கட்டும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து, என் உள்ளத்தை மிகவும் உருக்கிய ஓர் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் சான் டியாகோ நகரை ஒட்டி, மெக்ஸிகோ எல்லையருகே, ஆர்.ஜே. டொனோவன் என்ற சிறை உள்ளது. 1990ஆம் ஆண்டு ‘அமிட்டி’ என்ற நிறுவனத்தார் அங்கே இருநூறு கைதிகள் தங்கும் ஒரு கட்டடத்தில் சிகிச்சைச் சமூகத்தை நிறுவினர். அதில் ஆயுள் தண்டனைக் கைதிகள் சிலரையும் வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து வைத்துக்கொண்டனர். எண்ணிப் பாருங்கள்! மற்றவர்களெல்லாம் ஒன்பது மாதமோ ஓராண்டோ கழித்து வெளியேறிவிடுவார்கள். இவர்களுக்கோ அன்றைய நிலையில் விடுதலைத் தேதியே இல்லை. பிறர் மகன் தன் தாயிடம் திரும்பிச் செல்வதற்காக, தன் தாயிடம் என்று திரும்புவோம் என்றே அறியாத ஒருவன் இரவும் பகலும் உழைக்கிறான். அவனுக்கு அதனால் கிடைக்கும் லாபம் என்ன? மதரஸாக்களில் இக்லாஸ் என்ற சொல்லுக்கு நாங்கள் எத்தனையோ விளக்கங்கள் ஓதியிருக்கிறோம். இந்தச் செய்தியைப் படித்த இரவு, அந்த விளக்கங்களையெல்லாம் மறுபடியும் நினைத்துப் பார்த்தேன்.

டொனோவன் சிறையின் கணக்கு மிகவும் பயனுள்ளது; அதே வேளையில் நிதானத்துடன் வாசிக்க வேண்டியது. 715 கைதிகளைச் சீட்டுப் போடுவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இச்சிகிச்சையும் மறுபிரிவினருக்கு வழக்கமான சிறைவாசமும் என வகுத்து ஆராய்ந்தனர். மூன்றாண்டுகள் கழிந்தபோது, சிறைக்குள் சிகிச்சையை முடித்து, வெளியே விஸ்டா என்ற ஊரில் அமைந்த அதே நிறுவனத்தின் விடுதியில் தங்கி அதையும் முடித்தவர்களில் 27 சதவீதத்தினரே மீண்டும் சிறைக்கு வந்திருந்தனர். மற்றவர்களில் 75 சதவீதம் பேர் திரும்பிவிட்டனர். ஆம், சிறைக்குள் சிகிச்சையை ஒழுங்காக முடித்துவிட்டு, வெளியே தொடராமல் நேராகப் பழைய இடத்துக்குச் சென்றவர்களும் அந்த மற்றவர்களில் அடக்கம்! ஓராண்டுப் பயிற்சி தெருமுனையில் கரைந்துபோயிற்று.

இவ்விடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபணை உண்டு. அதை மறைப்பது அமானிதத்துக்கு மாறு. விஸ்டா விடுதிக்குச் செல்வது அவரவர் விருப்பம். திருந்த வேண்டுமென்ற உறுதி ஏற்கெனவே உள்ளவன்தானே அங்கே போயிருப்பான்? அப்படியானால் அந்த வெற்றி விடுதியுடையதா, அவனுடைய உறுதியுடையதா? ஐந்தாண்டுக்குப் பின், தொடர்ந்தவர், தொடராதவர் என்று பிரிக்காமல் எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, சிகிச்சைப் பிரிவில் 75.7 சதவீதத்தினரும் மறுபிரிவில் 83.4 சதவீதத்தினரும் மீண்டும் சிறை கண்டிருந்தனர். வித்தியாசம் உண்டு, ஆயினும் அது பெரிதல்ல. இம்முறையை அற்புத மருந்தென்று புகழ்வோரும், வீண் செலவென்று ஒதுக்குவோரும் இதே ஏட்டிலிருந்துதான் ஆதாரம் காட்டுகிறார்கள். சிறைக்குள் செய்யப்படும் சிகிச்சை பாதிப் பாலம் என்பது என் கருத்து. பாதிப் பாலத்தில் நடந்தவன் ஆற்றில் விழுந்தால் பாலமே கூடாதென்று தீர்ப்புக் கூறுவது முறையாகுமா?

மறுபாதியையும் கட்டிப் பார்த்தவர்கள் டெலவேர் என்ற சிறிய மாநிலத்தார். 1988இல் சிறைக்குள் ‘கீ’ என்ற சிகிச்சைச் சமூகத்தைத் தொடங்கினர். 1991இல் சிறைக்கும் ஊருக்கும் நடுவே ‘கிரெஸ்ட்’ என்ற மற்றொன்றை வைத்தனர். தண்டனையின் கடைசிப் பகுதியில் கைதி அங்கே ஆறு மாதம் தங்குவான். பிற்பகுதியில் வெளியே சென்று கூலிக்கு உழைத்துவிட்டு மீண்டும் அச்சமூகத்துக்கே திரும்புவான். அன்று பழைய நண்பன் வழியில் மடக்கினால், அதைச் சொல்லி அழுவதற்கு அன்று இரவே அங்கே ஆள் உண்டு. அதன் பின்னர் முழு விடுதலை பெற்றும் மாதக்கணக்கில் கூட்டங்களுக்கு வந்துபோவான். மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது, இவை எதுவுமற்றவர்களில் 29 சதவீதத்தினரே மீண்டும் கைதாகாமல் இருந்தனர். கிரெஸ்ட்டை முடித்தவர்களில் 55 சதவீதம். அதற்குப் பின் கூட்டங்களையும் விடாமல் தொடர்ந்தவர்களில் 69 சதவீதம். கிரெஸ்ட்டில் சேர்ந்துவிட்டுப் பாதியில் விலகியவர்களோ 28 சதவீதம், அதாவது சேராதவர்களின் நிலையே.

இனி, எந்தத் தகப்பனாரும் அறியாமல் இருக்கக் கூடாத ஒரு செய்தி. வாஷிங்டன் மாநிலத்தில் 1999 முதல் 2003 வரை விடுதலையான முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆராய்ச்சி ஒன்று 2007இல் வெளியாயிற்று. விடுதலையான முதல் இரண்டு வாரங்களில், மற்ற மக்களோடு ஒப்பிடுகையில் இவர்களின் மரண விகிதம் 12.7 மடங்கு. போதைமருந்து அளவு மிஞ்சி இறப்பது மட்டும் 129 மடங்கு! காரணம் எளிது. பல மாதம் போதைமருந்தைத் தொடாத உடல், முன்பு தாங்கிய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. அவனோ பழைய அளவையே நினைவில் வைத்திருக்கிறான். அபின் வகை மருந்துகள் மூச்சை அடக்குபவை. உறக்கத்திலேயே உயிர் பிரிந்துவிடும். சிறையில் சுத்தமாகிவிட்டான் என்று நாம் மகிழும் அதே சுத்தம், ஒரு முறை சறுக்கினால் அவனுக்கு எமனாகிறது.

இதனால்தான் மருந்து பற்றிய பழைய பிடிவாதமும் இப்போது தளர்ந்து வருகிறது. ஆரம்பகாலச் சிகிச்சைச் சமூகங்கள் எந்த மருந்தையும் உள்ளே விடுவதில்லை. ரோட் ஐலண்ட் மாநிலச் சிறைகளில் 2016ஆம் ஆண்டு முதல் மெத்தடோன், புப்ரினார்ஃபின், நால்ட்ரெக்ஸோன் ஆகியவற்றைத் தேவையுள்ள கைதிகளுக்கு மருத்துவர்கள் கொடுத்து, விடுதலைக்குப் பின்னரும் தொடர வழிசெய்தனர். அவ்வாண்டின் முதல் ஆறு மாதங்களில், அண்மையில் விடுதலையாகி அளவு மிஞ்சி மாண்டவர்கள் 26 பேர். அடுத்த ஆண்டின் அதே ஆறு மாதங்களில் 9 பேர். போதைக்குப் பதில் போதையா என்று நம்மவர் முகம் சுளிப்பதுண்டு. மருத்துவர் அளவறிந்து, உயிர் காக்கக் கொடுப்பதும், தெருமுனையில் மயக்கத்துக்காக வாங்குவதும் ஒன்றல்ல. நிர்ப்பந்த நிலை பற்றி ஃபிக்ஹு நூல்களில் பேசியிருப்பது இதுபோன்ற சந்தர்ப்பங்களுக்காகத்தானே? உயிர் இருந்தால்தான் தவ்பாவும் செய்யலாம்.

சினனானின் முடிவையும் கூறிவிட வேண்டும். எல்லோரையும் எல்லோரும் தட்டிக் கேட்கலாம் என்று தொடங்கிய அந்த இடத்தில், காலப்போக்கில் டெடரிச்சை மட்டும் எவரும் தட்டிக் கேட்க இயலாமல் போயிற்று. எழுபதுகளில் அது தன்னை ஒரு மதமென்றே அறிவித்துக்கொண்டது. 1978இல், தங்களை எதிர்த்து வழக்காடிய வக்கீலின் தபால் பெட்டிக்குள் நச்சுப் பாம்பை விட்டு அவரைக் கொல்ல முயலும் அளவுக்குப் போனார்கள். வக்கீல் பிழைத்தார், சினனான் 1991இல் கலைந்தது. பெற்றோர்களே, மகனைச் சேர்க்கும் எந்த இல்லமாயினும், அதன் தலைவரைக் கேள்வி கேட்க அங்கே யாருக்கு அதிகாரம் உண்டு என்பதை முதலில் விசாரியுங்கள். அடிப்பதையும் சங்கிலியிடுவதையும் சிகிச்சை என்பவரின் வாசலை மிதிக்காதீர்கள்.

இந்த வரலாற்றில் முஸ்லிம்களுக்கும் ஒரு பங்கு உண்டு. மால்கம் எக்ஸ் என்று உலகறிந்தவர் 1946இல், இருபது வயதில், திருட்டுக் குற்றத்துக்காகச் சிறை புகுந்தார். போதைக்கு எதுவும் கிடைக்காதபோது ஜாதிக்காய்த் தூளைத் தண்ணீரில் கலக்கிக் குடித்ததாகத் தம் சுயசரிதையில் அவரே தெரிவித்திருக்கிறார். உடன்பிறந்தவர்கள் அவரைக் கைவிடவில்லை. நேரில் வந்தும் கடிதம் எழுதியும் பன்றி இறைச்சியையும் சிகரெட்டையும் விடச் செய்தனர். அவர்கள் சார்ந்திருந்த ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ இயக்கத்தின் கொள்கைகள் நம் அகீதாவுக்கு முரணானவை என்பதும், 1964இல் ஹஜ்ஜை ஒட்டி மால்கம் தூய இஸ்லாத்துக்கு வந்தார் என்பதும் நீங்கள் அறிந்ததே. இங்கே நான் சுட்ட விரும்புவது வேறு. 1952 ஆகஸ்டில் விடுதலையானபோது அவர் பழைய கூட்டாளிகள் இருந்த பாஸ்டனுக்கோ ஹார்லமுக்கோ போகவில்லை. டெட்ராய்ட் நகரில் மூத்த சகோதரர் வில்ஃப்ரெட் வீட்டுக்குச் சென்றார். அந்த வீட்டில் காலையில் ஒவ்வொருவரும் முறைப்படி எழுந்து, தூய்மை செய்து, ஒருவருக்கொருவர் மரியாதையோடு ஸலாம் சொன்ன ஒழுங்கு அவரை வியப்பில் ஆழ்த்தியது. பின்னாளில் அவ்வியக்கத்தார் ஹார்லம் தெருக்களில் போதைக்காரர்களை மீட்ட முறையும் அந்நூலில் உண்டு. போதையை விட்டவர்களே பழைய சகாக்களைத் தேடிச் சென்றனர். விடும்போது ஏற்படும் வேதனையின் இரவுகளில் அருகிருந்து நீர் ஊற்றினர். மீண்டவன் மறுபடி அடுத்தவனைத் தேடிப் போனான்.

நாயகத் தோழர் ஒருவர் மது அருந்தியதற்காகப் பலமுறை கொண்டுவரப்பட்டுத் தண்டனை பெற்றார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைச் சிரிக்க வைக்கும் இயல்புடையவர் அவர். எத்தனை தடவைதான் இப்படிக் கொண்டுவரப்படுவான் என்று ஒருவர் அவரைச் சபித்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்பதே அவர்கள் கூறிய காரணம். இது புகாரியில் உள்ளது. தண்டனை நிறுத்தப்படவில்லை, அவரைச் சபையிலிருந்து வெளியேற்றவும் இல்லை. நம் மஹல்லாக்களில் தண்டனை முடிந்து வருபவனை எந்தச் சொல்லால் வரவேற்கிறோம்? அவன் தொழுகைக்கு வந்து நின்றால், பக்கத்து ஸஃப்பில் நிற்பவர் தம் செருப்பைத் திரும்பிப் பார்ப்பதை நானே கண்டிருக்கிறேன்.

அந்தப் பெரியவரைச் சென்ற வாரம் தேடிச் சென்று பார்த்தேன். முன்பு சொன்ன சொல் தவறென்று ஒப்புக்கொண்டேன். மகனுடைய பழைய தெருவைப் பற்றி நெடுநேரம் பேசினோம். வெளியூரில் தாய்மாமனுக்கு மரக்கடை இருக்கிறதாம். ஓராண்டுக்கு அங்கேயே வைத்துக்கொள்ள அவர் சம்மதித்திருக்கிறார். அவ்வூர்ப் பள்ளி இமாம் என்னிடம் ஓதியவர். அவருக்கு எழுதுவதாகச் சொன்னேன். வெளிவரும் நாளன்றே அரசு ஆஸ்பத்திரி மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதை இருமுறை வற்புறுத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அவனுடைய கூட்டாளிகள் ஜெயில் வாசலிலேயே வந்து நிற்பார்கள், ஹஜ்ரத். போன தடவையும் அப்படித்தான் நின்றார்கள்."

"அப்படியானால் அவர்களுக்கு முன்னே நாம் போய் நிற்க வேண்டும்" என்றேன். முத்தவல்லியும் வருவதாகக் கூறியிருக்கிறார். காலையில் எத்தனை மணிக்குக் கதவைத் திறப்பார்கள் என்று விசாரித்துவந்து சொல்வதாகக் கூறிவிட்டுப் பெரியவர் எழுந்து போனார்.